முதியவருக்குத் தீ மூட்டினோம்

வலது தோளிலிருந்து கழுத்து வரை ஒரு நரம்பு சுண்டிக்கொண்டே இருந்தது. அன்று காலை ஷிப்டில் மட்டும் நாற்பத்திரண்டு கூடை ஈரத்துணி சுமந்திருந்தேன். ஆஸ்பத்திரிப் போர்வை காய்ந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடத் தூக்கும். நனைந்துவிட்டால் அது வேறு பிறவி. முப்பது போர்வையை அமுக்கி வைத்த கூடையைத் தோளில் ஏற்றும்போது முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிற சத்தம் நமக்கே கேட்கும். வக்கீலம்மா வீட்டு முன்னறையில் போட்டிருந்த பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது. சுவரில் சாயலாம் என்றால் சுவர் ஒரு முழம் தள்ளி இருந்தது. அதை எட்டுவதற்குள் படுத்தே விடுவோம்.

அக்கா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலி. ஆறு வருடமாக இப்படித்தான். அவள் புருஷனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தது என் வாய். அவள் அப்படித்தான் சொல்வாள். தெருவும் அப்படித்தான் சொல்லும். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

"தோள்ல என்ன?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"நரம்பு."

"எண்ணெய் தேய்."

அந்த மாதத்தில் அவள் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமானது. வக்கீலம்மா வரச் சொன்னதால் வந்திருந்தோம். எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மேல்முறையீடு போட்டு மூன்று வருடமாகிவிட்டது. இன்னும் பத்து நாளில் விசாரணைக்கு வருகிறது. அது மட்டும் தெரியும்.

நானும் மச்சானும் ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தோம். மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி எங்களிடம் வரும். நான் துவைக்கிற இடத்திலிருந்து உலர்த்துகிற இடத்துக்குச் சுமப்பவன். மச்சான் பாய்லர் பார்ப்பவர். வெந்நீரும் ஆவியும் அவர் கையில். இரண்டு பாய்லர் இருந்தன. ஒன்று முதலாளியின் அப்பா காலத்தது. இருமும், ஒழுகும், சூடேற இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பெயர் கிழவன். மற்றது பிறகு வந்தது. நேரத்துக்குக் கரி போடாவிட்டால் முறுக்கிக்கொள்ளும், போட்டாலும் நல்ல கரியாகக் கேட்கும். அதற்குப் பெயர் மாப்பிள்ளை. "கிழவன் எழுந்துட்டானா?" என்று கேட்டால் ஆவி வந்துவிட்டதா என்று அர்த்தம். "மாப்பிள்ளைக்கு இன்னும் கோபம் தணியல" என்றால் இன்னும் அரை மணி நேரம் பீடி குடிக்கலாம் என்று அர்த்தம். பாய்லர் என்ற சொல்லை நாங்கள் வாயெடுத்துச் சொன்னதே குறைவு.

கரிக்கொட்டகையை ஒட்டிய அறையில் ஸ்டோர்காரர் தங்கியிருந்தார். அறுபத்தெட்டு வயது. ஒரு திருகாணி கேட்டாலும் பழையதைக் கொண்டுவந்து காட்டு என்பார். ஒரு வெள்ளிக்கிழமை கிழவனில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்தது. மச்சானின் இடது கை முழங்கை வரை வெந்தது. கையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதுக் குழாய் கேட்டார். ஸ்டோர்காரர் உடைந்த குழாயைக் கொண்டு வா என்றார்.

"கையில குத்தியிருக்கு, பிடுங்கிக்கோ" என்றார் மச்சான்.

வாய் தடித்துக் காலரைப் பிடிக்கும் வரை போன பிறகுதான் புதுக் குழாய் வந்தது. ஆலையே பார்த்தது.

ஞாயிறு அரை நாள் வேலை. எல்லாரும் போன பிறகு பாய்லரை ஆறவைத்துவிட்டு மச்சான் கடைசியாகக் கிளம்புவார். அந்த ஞாயிறு பிற்பகல் மூன்றேகாலுக்கு எனக்குப் போன் செய்தார். நான் முதுகில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக் குப்புறப் படுத்திருந்தேன்.

"தம்பி, கிழவன் கதைய முடிச்சுட்டேன். இனி எழுந்திரிக்க மாட்டான். நாளைக்கு யாரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. சரியா?"

"சரி மச்சான்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஸ்டோர்காரர் கரிக்கொட்டகையில் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் நெருப்பு கிளறும் இரும்புக் கம்பி. மச்சான் தினமும் பிடிக்கிற கம்பி. ஆலைக் கொடியில் மச்சானின் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சண்டை, கம்பி, சட்டை, கடைசியாக ஆலையில் இருந்தவர், எனக்கு வந்த போன். வக்கீல்கள் இதைச் சங்கிலி என்கிறார்கள். மற்ற நாலு வளையமும் எப்படியோ, ஐந்தாவது வளையம் நான்தான்.

போலீஸ்காரர் என் போனைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிழவன் யார் என்று அவர் கேட்கவில்லை. செத்தவர் கிழவர் என்று அவருக்குத்தான் தெரியுமே. நான் சொல்ல வாயெடுத்தேனா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த மண்டையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மச்சான் எந்தக் கிழவனைச் சொன்னார் என்பது என் தலைக்குள் அப்போதே கலங்கிப்போயிருந்தது.

கோர்ட்டிலும் அதே கதைதான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அரசு வக்கீல் வெளியிலேயே சொல்லி வைத்திருந்தார். கேட்டதற்குச் சொன்னேன். நான் சொன்னதை நீதிபதி திருப்பிச் சொல்ல, தட்டச்சுக்காரர் தட்டினார். கடைசியில் வாசித்துக் காட்டினார்கள். 'முதியவரின் கதையை முடித்துவிட்டேன். இனி அவர் எழுந்திருக்க மாட்டார்.' நான் கிழவன் என்றல்லவா சொன்னேன் என்று ஒரு கணம் தோன்றியது. சரி, கோர்ட்டில் மரியாதையாகத்தான் எழுதுவார்கள் போல. நாம் தின்னுட்டியா என்பதை அவர்கள் உணவருந்தினீர்களா என்பார்கள். அதைப்போல இதுவும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீலம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். இலவசச் சட்ட உதவியில் வந்தவர். வீங்கிய கணுக்காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். முன்னால் வழக்குக் கட்டு. ஒரு மர அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து வைத்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு.

"உட்காருங்க. கால எடுக்க மாட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். யாரு இந்த மணமகன்?"

"எந்த மணமகன்?"

"உங்க மேஸ்திரி சாட்சி சொல்லியிருக்காரு. அன்னைக்கு ஆலையில என்ன வேலை நடந்ததுன்னு கேட்டிருக்காங்க. கேளுங்க. 'ஞாயிறு என்பதால் மணமகனுக்கு ஓய்வு கொடுத்திருந்தோம். சனிக்கிழமை மட்டும் மணமகன் பதினாறு கூடை கரி தின்றார்.'" அளவுகோலை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் மூணு தரம் படிச்சுட்டேன். கேஸ்ல கல்யாணமே இல்ல. அப்படியே இருந்தாலும் எந்த மணமகன் கரி திங்கிறான்?"

"அது மாப்பிள்ளைம்மா."

"மாப்பிள்ளைன்னா மணமகன்தான். அதத்தான் கேக்கறேன்."

"இல்லம்மா. மாப்பிள்ளைன்னா பாய்லர்."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். "புது பாய்லர். அது ரொம்ப சிலுப்பும், அதனால அப்படி ஒரு பேரு" என்றாள்.

"அப்ப பழைய பாய்லர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "கிழவன்."

வக்கீலம்மா காலை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பக்கங்களைப் பின்னால் தள்ளினார். அளவுகோலை வைத்து மெதுவாகப் படித்தார். "'காலை ஐந்தரைக்கு முதியவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தீ மூட்டினோம். பத்து மணிக்கு முதியவருக்கு அழுத்தம் ஏறியதால் கொஞ்சம் இறக்கிவிட்டோம்.'"

நான் முதலில் சிரித்தேனா அக்கா சிரித்தாளா தெரியவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. தீர்ப்பு நகலை எடுத்து அதிலும் ஓர் இடத்தைத் தேடினார்.

"இதையும் கேளுங்க. தண்டனை கொடுத்த நீதிபதி எழுதினது. 'இரத்த அழுத்தத்தால் அவதியுற்ற அந்த முதியவருக்குச் சக தொழிலாளர்கள் அதிகாலையிலேயே நீர் அளித்து, குளிருக்குத் தீ மூட்டி, அன்புடன் பராமரித்து வந்துள்ளனர். அத்தகையவரைத்தான் எதிரி இரக்கமின்றி…'" படிப்பதை நிறுத்திவிட்டார்.

அக்காவின் சிரிப்பும் நின்றுபோனது. அவள் என் பக்கம் திரும்பினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கோர்ட்ல என்ன சொன்னே? கிழவன்னா, முதியவர்னா?"

"கிழவன்னுதான் சொன்னேன்."

"தீர்ப்புல முதியவர்னு வாசிச்சாங்க. எம் புருஷன் வாயில முதியவர்னு ஒரு வார்த்தை இந்த ஜென்மத்துல வருமா? அதனாலதான் நீ இட்டுக்கட்டிச் சொன்னேன்னு நினைச்சேன். ஆறு வருஷம் அப்படியே நினைச்சுட்டிருக்கேன். கிழவன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கலையே அக்கா."

"நான் வாசக்கதவையே திறக்கல. எப்படிக் கேப்பேன்?"

வக்கீலம்மா எங்கள் சண்டையைக் காதில் வாங்காமல் பக்க எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். சிறைக்குப் போய் மச்சானிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்.

"கேட்டேன். பாய்லரத்தான் சொன்னேன்னாரு" என்றார் அப்போது. "ஏன் இத்தன நாள் சொல்லலைன்னு கேட்டேன். 'முதியவரின் கதையை முடித்ததாகக் கூறினீரா'ன்னு கேட்டாங்களாம். நான் அப்படிச் சொல்லலைன்னாராம். பழைய வக்கீல் எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருக்காரு. ஒரு தடவ இல்லைன்னுட்டா பிறகு மாத்திப் பேசக் கூடாதுன்னாராம். அப்படியே இருந்துட்டாரு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஆறு வருடம் உள்ளே கிடக்கிற மனிதன், பார்க்க வந்த பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்லமாட்டானா? சொல்லியிருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாளா? இல்லை, போனில் என்னிடம் பேசியதை ஒத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாரா? பயந்திருக்கலாம். மச்சான் ஒன்றை மனதில் பூட்டினால் சாவியை விழுங்கிவிடுகிற ஆள்தான்.

இன்னொன்றும் இருந்தது. யாருக்கும் சொல்லாதது. சண்டைக்கு மறுநாள், சனிக்கிழமை, குழாயடியில் அவர் வெந்த கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் ஊற்றினேன். "இந்தக் கிழவனுக்கு என் கையாலதான் சாவு" என்றார். நான் அப்போது பாய்லரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் அவர் பார்த்த திசையில் இரண்டு கதவு. ஒன்று பாய்லர் அறை, ஒட்டினாற்போல் ஸ்டோர் அறை. ஸ்டோர் வாசலில் ஸ்டோர்காரர் உட்கார்ந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரையும் கிழவன் என்று சொல்கிறவர்கள் ஆலையில் இருந்தார்கள். மச்சான் சொல்வாரா? சொல்லிக் கேட்டிருக்கிறேனா? யோசிக்க யோசிக்கக் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

அக்கா வாசலில் செருப்பு மாட்டப் போனதும் வக்கீலம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அம்மா, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"என்ன விஷயம்? அந்தப் போன் விஷயமா?"

"அத ஒட்டினதுதான்."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சொல்ல வேணாம். அப்பீல்ல புதுசா சாட்சி கிடையாது. இந்தக் கட்டுக்குள்ள என்ன இருக்கோ அதுதான். நீங்க வாயத் திறந்தா இன்னொரு தட்டச்சுக்காரர் தட்டுவாரு. பிறகு அதுல யாரு மணமகளா வருவாங்களோ."

மறுபடியும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். மேல்கோர்ட் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு. அக்கா வக்கீலம்மாவோடு உள்ளே போய்விட்டாள். என் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கோ பார்த்த முகம். மூக்கு ஸ்டோர்காரரின் மூக்கு. அவருடைய மகள்.

"நீங்கதானே உண்மையச் சொன்னவரு" என்றாள்.

உம் என்றேன்.

"சொந்த அக்கா வீட்டுக்காரர்னும் பாக்காம சொன்னீங்க. எங்க அம்மா சாகிற வரைக்கும் உங்களப்பத்திப் பேசுவாங்க. உங்க வாய்தான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே நியாயம்னு சொல்வாங்க." பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "காலைல சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

சாப்பிடவில்லைதான். ஒன்றை எடுத்தேன். வாயில் போட்டால் மாவாகி அப்பிக்கொண்டது. விழுங்கத் தண்ணீர் இல்லை. ஆறு வருடம் என் அக்காவுக்கு நான் பொய்யன், இவளுக்கு நான் சத்தியவான். இரண்டும் ஒரே வார்த்தையால். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று எனக்கே தெரியவில்லை என்பதை இரண்டு பேரிடமும் சொல்ல முடியாது.

உள்ளே இரண்டு நீதிபதிகள். வக்கீலம்மா நின்றபடி மேஸ்திரி சாட்சியத்தை வாசித்தார். முதியவருக்கு அழுத்தம் ஏறியதை வாசித்தபோது மூத்த நீதிபதி தலையை நிமிர்த்தினார்.

"இது இறந்துபோனவரா?"

அரசு வக்கீல் எழுந்தார். "அப்படித்தான் கீழ்க்கோர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஐயா."

"அழுத்தத்தை எப்படி இறக்கினார்களாம்? மாத்திரையா?"

"அது பதிவில் இல்லை, ஐயா."

"இருக்கிறது, ஐயா" என்றார் வக்கீலம்மா. "அடுத்த வரி. 'மேலே உள்ள திருகைத் திருப்பினோம். முதியவர் விசில் அடித்துவிட்டு அடங்கினார்.'"

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. இளைய நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடினார். தட்டச்சுக்காரர்கூடச் சிரித்தார். இறந்தவரின் மகள் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

பிறகு சட்டை. சலவை ஆலையில் வேலை முடித்தவன் சட்டையைத் துவைத்துப் போடுவது தினமும் நடப்பதுதான் என்றார் வக்கீலம்மா. அன்று கொடியில் பதினோரு சட்டை இருந்ததாகப் போலீஸே எழுதியிருந்தது. கம்பி பூட்டில் இருக்கவில்லை. கரிக்கொட்டகைக்குப் பின்வாசல் உண்டு. இறந்தது மூன்று மணிக்கா ஏழு மணிக்கா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வளையமாகக் கழன்றது. கடைசியில் மிஞ்சியது என்னுடையது.

அரசு வக்கீல் விடவில்லை. "மேஸ்திரி சொன்ன முதியவர் இயந்திரமாகவே இருக்கட்டும், ஐயா. மைத்துனரிடம் எதிரி சொன்னதும் இயந்திரம்தான் என்று யார் சொல்வது? ஒரே சொல் இரண்டு பேருக்கும் பொருந்துகிறது."

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் மூத்த நீதிபதி. "எந்த முதியவர் என்று யாருக்குத் தெரியும்?"

கடைசி வரிசையில் நான் பாதி எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் இப்போதும் தெரியாது. குழாயடியைச் சொல்லவா, பாய்லர்தான் என்று அடித்துச் சொல்லவா? வாயில் ஒன்றும் இல்லை, கால் மட்டும் எழுந்தது. பக்கத்தில் இருந்த அக்கா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். கோர்ட் கலையும் வரை அவள் அந்தப் பிடியை விடவில்லை. ஆறு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சங்கிலி முழுமையாகவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, தண்டனை ரத்து. குற்றம் செய்யவில்லை என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. நான் வக்கீலம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு எழுதணும்? ஆள் வெளிய வர்றாரு, அது போதாதா?" என்றார்.

படியில் இறங்கும்போது ஸ்டோர்காரரின் மகள் வழியில் நின்றாள்.

"அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"இல்லம்மா. உண்மைதான்."

"அப்ப இன்னைக்கு இவங்க சொல்றது?"

"இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"எங்கப்பாவ யாரு அடிச்சா அப்ப?"

பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கித் தள்ளினார்கள். நான் பதில் சொல்லும் முன் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இறங்கியிருந்தோம். பதில் இருந்திருந்தால் நின்று சொல்லியிருப்பேன்.

மச்சான் வெளியே வந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசக்கதவு திறந்திருந்தது. அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இடது கையில் வெந்த தோல் மெழுகு மாதிரி பளபளத்தது. அக்கா டீ வைக்க உள்ளே போனாள்.

"வா. உட்காரு" என்றார். ஊசி போய் வந்துகொண்டிருந்தது. நானும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிடலாம் என்று நாலு தடவை நாக்கு வரை வந்தது.

"கிழவன் இன்னும் இருக்கானா?" என்றார் திடீரென்று.

ஒரு நொடி எனக்கு ஸ்டோர்காரர்தான் ஞாபகம் வந்தார். பிறகுதான் புரிந்தது. "இல்ல மச்சான். ஆலை மறுபடி திறந்ததும் மாப்பிள்ளைய மட்டும்தான் மூட்டினாங்க. கிழவன் சும்மாவே நின்னான். நாலு மாசம் கழிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க."

"அடித்தகடு நெளிஞ்சிருந்துதா?"

"என்ன தகடு?"

"அன்னைக்குத் தண்ணிய முழுக்க வடிச்சுட்டு, தீய அணைக்காம விட்டேன். வெறும் வயித்துல தீ எரிஞ்சா அடித்தகடு அப்பளம் மாதிரி நெளியும். பிறகு எவனாலயும் மூட்ட முடியாது. இன்னொருத்தன் கை வேகாது. அதத்தான் உங்கிட்ட சொன்னேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அடுப்புக் கதவத் திறந்து குனிஞ்சு பார்த்தா போதும், கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். மேஸ்திரி பார்க்கலையா?"

"அவரு, 'பழைய பாய்லர், எப்பவும் ஒழுகுறதுதானே'ன்னு விட்டுட்டாரு."

"நீ?"

நான் டீ வருகிறதா என்று உள்பக்கம் பார்த்தேன்.

"நாலு மாசம் நின்னான்ங்கிறே. நீ கூடை இறக்குற இடத்துலேருந்து எத்தன அடி இருக்கும்?"

"நாப்பது."

"ஒரு தடவ குனிஞ்சு பார்த்தியா?"

"பார்க்கல மச்சான்."

அவர் கோபப்படவில்லை. செருப்பைக் காலில் மாட்டி அழுத்திப் பார்த்தார். வார் நின்றது. அடுத்த செருப்பை எடுத்தார். அக்கா டீயைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றாள். "ஆலையப்பத்தி" என்றார் மச்சான்.

அந்த நாலு மாதமும் தினமும் நாற்பது கூடை சுமந்து அந்த அடுப்புக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன். மறந்துபோய்ப் பார்க்காமல் இருக்கவில்லை. ஒரு நாள் கதவின் கைப்பிடி வரை கை போனது. பாய்லர் பாழாகியிருந்தால் மச்சான் ஜெயிலில் இருப்பது என்னால். பாழாகாமல் இருந்தால் அவர் கொலைகாரர். எதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. கூடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டேன். இப்போது அவர் சொல்கிறார், நெளிந்திருக்கும் என்று. இருந்திருக்கலாம். அந்தத் தகட்டை எங்கேயோ உருக்கி எதுவாகவோ ஆக்கியிருப்பார்கள்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அது மச்சானுக்கா, ஸ்டோர்காரர் மகளுக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேரிடமும் இன்னும் கேட்கவில்லை.